மாமிக்கு ஒதுக்கிய வழி

மாமாவின் இல்லறம் ஒரு கைபேசித் திரைக்குள் நடந்தது. டென்மார்க்கில், அல்பர்ட்ஸ்லுண்டில் அவருடைய சிறிய வீட்டில், சாப்பாட்டு மேசையில், மிளகாய்த்தூள் போத்தலில் சாய்த்து வைத்த கைபேசி. அதற்குள் யாழ்ப்பாணத்தில் மாமி. வேலை முடிந்து வந்ததும் அவர் வீடியோ அழைப்பை எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார். அதிகம் கதைக்கமாட்டார்கள். இவர் இங்கே சாப்பிடுவார். மாமி அங்கே உடுப்பு மடிப்பார், யாராவது வந்தால் எழுந்து போய்விட்டுத் திரும்பி வருவார். ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமலே எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தார்கள்.

படம் உறைந்துபோனால் மட்டும் மாமா சாப்பிடுவதை நிறுத்துவார். சோற்றுக் கையைக் கோப்பைக்கு மேல் பிடித்தபடி காத்திருப்பார். மாமியின் முகம் ஒரு கண் மூடி, வாய் கோணி, கட்டம் கட்டமாக நிற்கும். "நிண்டு போச்சு" என்பார் மெதுவாக. படம் மறுபடி அசைந்த பிறகுதான் அடுத்த வாய் சாப்பிடுவார்.

அவர் என் அம்மாவின் தம்பி. அகதியாக வந்து, இறைச்சித் தொழிற்சாலை ஒன்றின் குளிரறையில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போய், குடும்பத்தில் மற்ற எல்லோருடைய காரியமும் முடிந்த பிறகு ஊருக்குப் போய்த் தாலி கட்டிவிட்டுத் தனியாகத் திரும்பியவர். மாமியைக் கூப்பிடப் பல தடவை விண்ணப்பித்தார். ஒருமுறை வீடு சிறிது என்றார்கள். இன்னொருமுறை அவருடைய டெனிஷ் மொழிப் பரீட்சை போதாது என்றார்கள். அந்தப் பரீட்சைக்கு நான்தான் அவருக்குப் படிப்பித்தேன். அவர் பிறந்த ஊரில் பள்ளிக்கூடம் அகதி முகாமாக இருந்த காலத்தில் வளர்ந்தவர். பேனா பிடித்தால் கை வியர்க்கும்.

அப்பாவும் அம்மாவும் அதே கதைதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பொறியியலாளராக வெளியே வந்தேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. ஹ்விடோவ்ரேயில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் என் பட்டச் சான்றிதழ் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதை அங்கே மாட்டியது அம்மா. கழற்றச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஆனால் நான் என்ன படித்தேன் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. "கொம்பியூட்டர்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். விளங்கிக்கொண்ட ஒரே ஆள் மாமா. காரணம், அவருடைய சாப்பாடு அதில் தங்கியிருந்தது.

யூலண்டில் இருக்கும் அம்மன் கோயில் திருவிழாவுக்கு ரயிலில் போகும்போது அவருக்கு விளக்கிச் சொன்னேன். ஒரு கணினிக்கு வெளியிலிருந்து வரும் தகவல் எல்லாம் சிறு சிறு பொதிகளாக வரும். படத்தின் துண்டு, குரலின் துண்டு, யாரோ அனுப்பிய விளம்பரத்தின் துண்டு, எல்லாம் ஒரே வாசலால். அந்த வாசலில் நிற்பது இயங்குதளம். வழமையான இயங்குதளம் யார் தட்டினாலும் எழுந்துபோய்த் திறக்கும். வந்தது யாருக்கு, அவசரமோ இல்லையோ என்பதை உள்ளே எடுத்த பிறகுதான் பார்க்கும். கூட்டம் அளவுக்கு மிஞ்சினால் கதவு திறப்பதிலேயே அதன் நேரமெல்லாம் போய்விடும். உள்ளே எடுத்ததை உரிய இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க நேரம் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் இயந்திரம் ஓய்வில்லாமல் ஓடும். ஒரு காரியமும் நடக்காது. என்னுடைய ஆய்வு அதைத் தடுப்பது பற்றியது. ஓர் அழைப்புக்கு வாக்குக் கொடுத்தால், வழியில் மட்டும் இடம் பிடித்தால் போதாது. கணினிக்குள்ளேயும் அதற்கென்று நேரமும் நினைவகமும் ஒதுக்கிவைக்க வேண்டும். மிச்சம் போதாவிட்டால், புதிதாக வருபவரை வாசலிலேயே "இடமில்லை" என்று திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பத் தெரியாத இயங்குதளத்தால் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

மாமா யோசித்தார். பிறகு மடியில் இருந்த சீட்டைக் காட்டினார். டென்மார்க்கில் ரயிலுக்கு ரிக்கெற் வேறு, இருக்கைக்கு முன்பதிவு வேறு. முன்பதிவு இல்லாவிட்டால் நின்றுகொண்டும் போகலாம்.

"உது இதுதானே?"

"ஓம் மாமா. இதேதான்."

"அப்ப சீற் வெறுமையாக் கிடக்கும், சனம் நிண்டுகொண்டு வரும்."

"பதிஞ்ச ஆள் வருமட்டும் வெறுமையாத்தான் கிடக்கவேணும்."

"பாவமெல்லே" என்றார். அடுத்த நிலையத்தில் குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். மாமா எழுந்து தன் இருக்கையைக் கொடுத்துவிட்டு மிச்ச வழி முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வருடமும் அவர் இப்படித்தான். முன்பதிவு செய்வது அவர், இருந்துகொண்டு போவது வேறு யாராவது. மாமி இதைச் சொல்லி அவரைப் பகிடி பண்ணுவார். "காசு குடுத்து நிண்டுகொண்டு போற ஆள் உலகத்திலை இவர் ஒராள்தான்" என்பார் திரைக்குள்ளிருந்து.

மாமா தொழிற்சாலையின் உடுப்பு மாற்றும் அறையில் விழுந்து இறந்தார். இதயம். ஆஸ்பத்திரியில் அவருடைய பொருட்களை ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டு அம்மாவிடம் கொடுத்தார்கள். சாவி, மணிக்கூடு, கைபேசி. நாங்கள் வெளியே நடைபாதையில் நின்றபோது அந்தப் பை அதிரத் தொடங்கியது. அவர் வேலையால் வரும் நேரம் தாண்டியிருந்தது. மாமி கூப்பிடுகிறார்.

அம்மா பையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கியதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நான் அழைப்பை எடுத்தேன். மாமாவின் முகத்தை எதிர்பார்த்து நிமிர்ந்த மாமியின் முன்னால் என் முகம் வந்தது. மாமி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அசைவே இல்லை. படம் உறைந்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

விசா கிடைக்கவில்லை. கணவனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க ஒரு பெண்ணை விடுவதற்கும் அதே கேள்விகள்தான்: திரும்பிப் போவாள் என்பதற்கு என்ன ஆதாரம்? உடலைக் குளிரறையில் எவ்வளவு காலம் வைக்கலாம் என்பதற்கும் எல்லை இருந்தது. வாழ்நாளெல்லாம் குளிரறையில் வேலை செய்தவரை இன்னும் அதற்குள்ளேயே வைத்திருக்க வேண்டாம் என்று அம்மா சொன்னார். நாள் குறித்தோம்.

மாமி ஒன்றுதான் கேட்டார். வாய்க்கரிசி. எங்கள் முறையில் பெட்டியை மூடுவதற்கு முன் பெண்கள் ஒவ்வொருவராக வந்து போடுவார்கள், கடைசியாக மனைவி போடுவாள். அவளுக்குப் பிறகு யாரும் அந்த முகத்தைத் தொடுவதில்லை. அம்மா ஐயரிடம் கேட்டார். ஐயர் நல்ல மனிதர், இந்த நாட்டில் எத்தனையோ விதமாக வளைந்து கொடுத்தவர். மாமி அங்கே திரையைப் பார்த்து ஒரு கிண்ணத்துக்குள் அரிசியைப் போடட்டும், அதே நேரத்தில் இங்கே மாமாவின் அக்கா, அதாவது அம்மா, அவருக்காக வாயில் போடட்டும் என்றார். ஆனால் இரண்டு கையும் ஒன்றாக விழவேண்டும். முந்திப் பிந்தினால் அது மனைவி போட்டதாகாது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக என் படிப்பு என்னவென்று அந்த வீட்டுக்குத் தெரிய வந்தது.

சாதாரண நேரலை இதற்குச் சரிவராது. அது பின்தங்கிப் பின்தங்கி வரும். கிளிநொச்சியிலும் கனடாவிலும் இருந்து செத்தவீடு பார்ப்பவர்களுக்கு அந்தத் தாமதம் தெரியாது. இரண்டு கை சேர்வதற்குத் தெரியும். எனக்கு வேண்டியது வேகமான இணைப்பல்ல, தவறாத இணைப்பு. நான் வேலை செய்யும் நிறுவனம் முதியோர் இல்லங்களின் அவசர அழைப்புகளுக்கான பெட்டிகள் செய்கிறது. மற்ற எல்லாம் நெரிந்தாலும் விழுந்து கிடக்கும் கிழவரின் குரல் மட்டும் போய்ச் சேரவேண்டும். அந்தப் பெட்டிக்குள் ஓடும் இயங்குதளத்தில் அந்த ஒதுக்கீட்டை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. மேலாளரிடம் கேட்டு ஒரு பெட்டியை எடுத்து வந்தேன்.

"மாமி, படம் நிக்காது" என்றேன். "நான் பொறுப்பு."

"நீ சொன்னாச் சரி பிள்ளை" என்றார்.

சடங்கு நடக்கவிருந்த கல்லறைத் தோட்டத்து மண்டபத்துக்குத் தடித்த சுவர். உள்ளே கைபேசி அலை அரிதாகத்தான் வரும். வருபவர்கள் எல்லாரும் அங்குள்ள விருந்தினர் வைஃபையைத்தான் பிடிப்பார்கள். அலுவலகத்துக்கு வரும் ஒரே இணைப்பில்தான் அதுவும் தொங்கியது. அலுவலகத்துப் பெண்ணிடம் போய், நான் பொறியியலாளர், இன்ன காரணம் என்று விளக்கினேன். அவள் கண் கலங்கிச் சாவியைத் தந்தாள். என் பெட்டியை இணைப்புக்கும் வைஃபைக்கும் நடுவில் பொருத்தினேன். மாமியின் அழைப்புக்கு ஒரு பங்கு, யாரும் தொடமுடியாதபடி. மிச்சத்தில் மற்றவர்கள். மிச்சம் சிறிது. அதற்குள் எல்லாருடைய வீடியோவும் அடங்காது. ஆகவே மற்றவர்களின் வீடியோ அழைப்புகளை வாசலிலேயே மறுக்கும்படி எழுதினேன். எழுத்துச் செய்தி போகும், படம் போகாது.

இதைச் சொல்லாமல் செய்வது முறையல்ல என்று சடங்குக்கு முதல் நாள் வீட்டில் சொன்னேன். பெரியம்மா, அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர், புரொண்பியிலிருந்து வந்திருந்தார். கனடாவில் இருக்கும் சின்னம்மாவுக்கும் லண்டன் ஆட்களுக்கும் நேரடியாகக் காட்டுவதாக அவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார்.

"அவையும் கூடப்பிறந்ததுகள்தான் பிள்ளை. தம்பியின்ரை முகத்தை ஒருக்காப் பாக்கக்கூடாதோ?"

பிறகு பதிந்து அனுப்பலாம், அதே நாளே பார்க்கலாம் என்றேன்.

"கலியாண வீடெண்டாச் சொன்ன ஆக்கள்தான் வருவினம். இது செத்தவீடு. கேள்விப்பட்ட எல்லாரும் வருவினம். செத்தவீட்டுப் படலையை ஆராவது பூட்டினதாக் கேள்விப்பட்டிருக்கிறியோ?"

"எல்லாருக்கும் திறந்தா ஒருத்தருக்கும் வராது பெரியம்மா. மாமிக்கும் வராது."

"படிச்ச பிள்ளை படலையிலை நிண்டு ஆள் பாத்து விடுறா" என்றார் பெரியம்மா அம்மாவைப் பார்த்து. அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. நான் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஒரு வாக்கைக் காப்பாற்றுவதென்றால் வேறு சிலருக்கு முகத்தை முறிக்கவேண்டும். அது என் தொழிலின் முதல் பாடம்.

யாழ்ப்பாணப் பக்கத்தையும் நான் விட்டுவைக்கவில்லை. உத்தரவாதம் என்பது இரண்டு முனையிலும் இருக்கவேண்டும். நடுவில் எவ்வளவு ஒதுக்கினாலும், போய்ச் சேரும் கருவி கைவிட்டால் எல்லாம் வீண். மாமியின் தம்பிக்குத் தனியாக அழைப்பு எடுத்தேன். புதிதாக ஒரு ரப்லெற்றை வாங்கி அதில் பார்க்கலாம் என்றேன். மாமி சம்மதிக்கவில்லை. அவரோடு கதைத்த அதே கைபேசியில்தான் பார்ப்பேன் என்றார். அந்த எண் உலகத்தில் உள்ள எல்லாச் சொந்தத்துக்கும் தெரியும். ஆகவே மற்ற அழைப்புகள் உள்ளே வராதபடி அதை எப்படி அடைத்து வைப்பது என்று தம்பிக்குப் படிப்படியாகக் காட்டினேன். என் முன்னாலேயே செய்தார். சோதித்தும் பார்த்தோம். "ஓம் அக்கா, விளங்கீற்று" என்றார். என்னைவிட மூத்தவர். படித்த மரியாதைக்கு அக்கா என்றார்.

அன்றைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. இடமில்லாமல் வெளியே மழையிலும் நின்றார்கள். மாமாவோடு வேலை செய்த டெனிஷ்காரர் சிலரும் வந்து, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் கதவடியில் நின்றார்கள். சவப்பெட்டியின் தலைமாட்டில் கமெராவை நிறுத்தியிருந்தேன். சுவரில் விரித்த திரையில் மாமி. வெள்ளைச் சேலை. மடியில் கிண்ணம். வலது உள்ளங்கையில் அரிசியை வைத்துப் பொத்தியிருந்தார். அவருக்குப் பின்னால் பெண்கள் நெருங்கி இருந்தார்கள். எங்கள் அழுகை அங்கேயும் அவர்கள் அழுகை இங்கேயும் கேட்டது. அந்த மண்டபத்துக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்கூட இல்லை என்பதைப் போல இருந்தது. ஐயர் கையை உயர்த்தினால் அங்கே மாமியின் கண் அதே கணத்தில் உயர்ந்தது. நான் மடிக்கணினியில் பொதிகளின் ஓட்டத்தைக் காட்டும் கோட்டைப் பார்த்தேன். ஒரு பொதிகூடப் பிந்தவில்லை. துக்கத்துக்குள்ளும் எனக்குள் ஒரு பெருமை எழும்பியது. அதை மறைக்க விருப்பமில்லை.

மற்றவர்களின் கைபேசிகள் உயர்ந்தன. உயர்த்தியவர்கள் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். பெரியம்மா தன் கைபேசியைக் கீழே இறக்கவில்லை. நேரடியாகக் காட்ட முடியாவிட்டால் பதிந்தாவது வைப்போம் என்று பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்பதைப் பிறகு மாமியின் தம்பி சொன்னார். கனடாவில் சின்னம்மா காத்திருந்தார். படம் வரவில்லை. பெரியம்மாவைக் கூப்பிட்டார், போகவில்லை. மாமியைக் கூப்பிட்டார், அது நான் அடைக்கச் சொன்னபடி அடைபட்டிருந்தது. கடைசியில் தம்பியின் கைபேசிக்கு வந்தார். தன் சகோதரன் செத்துக் கிடக்கிறான், அவன் பெண்சாதியோடு இரண்டு சொல் சொல்லி அழக்கூட வழியில்லாமல் பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுப் பெரியவர்களும், துக்கம் விசாரிக்கும் ஆளை வெளியே நிறுத்துவது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார்கள். "அக்கா, துக்கம் கேட்டு வாற போன் கோலை என்னெண்டு வெட்டுறது?" என்று தம்பி பிறகு என்னிடம் கேட்டார். அவர் மாமியின் முன்னாலிருந்த கைபேசியை ஒரு நிமிடம் எடுத்து, நான் அடைத்ததைத் திறந்துவிட்டார்.

சின்னம்மாவோடு நிற்கவில்லை. நான் இங்கே வாசலில் மறுத்த ஒவ்வொருவரும் அங்கே ஒரு கதவு திறந்திருப்பதைக் கண்டுகொண்டார்கள். இங்கே வெளியே தள்ளிய கூட்டம் கரைந்துபோகவில்லை. வழி தேடிப் போய், என் கைக்கு எட்டாத இடத்தில் குவிந்தது.

மண்டபத்தில் பெண்கள் வாய்க்கரிசி போட்டு முடித்தார்கள். பெரியம்மா போட்டார். அம்மா மாமியின் அரிசியைக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டியருகே போனார். ஐயர் திரையைப் பார்த்து, "பிள்ளை, ஆயத்தமோ?" என்றார். மாமி தலையசைத்தார். கையைத் தூக்கினார்.

திரை கறுத்தது.

மாமி இருந்த இடத்தில் அவர் பெயரின் முதல் எழுத்து ஒரு வட்டத்துக்குள் வந்து நின்றது. கீழே, அழைப்பு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பு. நான் என் கோட்டைப் பார்த்தேன். நேராக ஓடிக்கொண்டிருந்தது. எல்லாப் பொதியும் போகின்றன. எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேருகின்றன. வாங்குவதற்குத்தான் யாரும் இல்லை.

மாமி திரும்பி வந்தார், கையைத் தூக்கினார், மறுபடி கறுத்தது. அடுத்த அழைப்பு. எந்தக் கைபேசியிலும் உள்ளே வரும் அழைப்புத்தான் ராசா. அதன் இயங்குதளம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மாமிக்கோ எதை அழுத்தினால் வெட்டும் என்று தெரியாது. தெரிந்தாலும் வெட்டியிருப்பாரோ தெரியாது. ஒவ்வொன்றையும் எடுத்தார். அழைத்த ஒவ்வொருவரும் அழுதார்கள், அவரும் அழுதார். கதவு திறப்பதிலேயே அவருடைய நேரமெல்லாம் போனது.

நான் தம்பியைக் கூப்பிட்டேன். அவருடைய கைபேசியும் ஓய்வில்லாமல் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தது. அம்மா அரிசிக் கையைப் பெட்டிக்கு மேல் பிடித்தபடி நின்றார். மாமா சோற்றுக் கையோடு காத்திருப்பதைப் போலவே இருந்தது. இறுதிச் சடங்குக்குப் பொறுப்பான டெனிஷ்காரர் என் அருகில் வந்து, மிகவும் மரியாதையாக, அடுத்த குடும்பம் வந்து வெளியே நிற்கிறது என்றார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வெள்ளைப் பூக்களோடு ஆட்கள் குடைக்குள் நின்றார்கள். இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கேட்டேன். பொறுத்தார். பிறகு மறுபடி வந்தார். இந்த முறை மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார்.

ஐயர் அம்மாவிடம், "போடுங்கோ" என்றார். அம்மா போட்டார். மூடியை வைத்துத் திருகினார்கள். ஆண்கள் பெட்டியைத் தூக்கி வெளியே கொண்டுபோனார்கள். கூட்டம் பின்னால் போனது. நான் கமெராவோடு நின்றேன். கமெராவின் முன்னால் வெறும் மேசையும் சிந்திய அரிசியும் கிடந்தன. குனிந்து கமெராவைக் கழற்றினேன்.

அப்போது திரை வெளித்தது. மாமி. கையில் அதே அரிசி, வியர்வையில் ஒட்டிப்போய்.

"பிள்ளை, எப்ப போடுறது?"

மண்டபத்தில் நானும் அம்மாவும் மட்டும் நின்றோம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நான் கமெராவின் கண்ணைக் கையால் மூடினேன்.

"இஞ்சை ஒண்டும் தெரியேல்லையே" என்றார் மாமி.

"படம் நிண்டு போச்சு மாமி" என்றேன். "என்ரை மெசின் பிழைச்சுப்போச்சு. குரல் மட்டும்தான் வருது. அம்மா அரிசியோடை நிக்கிறா. நான் சொல்லேக்கை போடுங்கோ."

மாமி கண்ணை மூடினார். நான் சொன்னேன். கிண்ணத்தில் அரிசி விழும் சத்தம் கேட்டது. எந்தத் தடங்கலும் இல்லாமல், மிகத் தெளிவாகக் கேட்டது. அம்மா வெறும் மேசையின் மேல் வெறும் கையைத் திறந்தார்.

மாமி அழைப்புகளை எடுத்ததால்தான் புருசனுக்கு வாய்க்கரிசி போடத் தவறினார் என்பது அவருக்குத் தெரியக்கூடாது என்று நானும் அம்மாவும் கதைக்காமலே முடிவு செய்தோம். ஆகவே மெசின்தான் பிழை. தம்பிக்கும் சொன்னேன், மெசின்தான் பிழை. குரலழைப்பில் அவர் முகம் தெரியவில்லை, ஆனால் குரலில் ஒரு பாரம் இறங்கியது. எட்டாம் நாள் எட்டுச் செலவிலும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலும், பிறகு வந்த பிறந்தநாள் விழாக்களிலும் அது கதையாகச் சுற்றியது. பெரியம்மா நல்ல இடமாகப் பார்த்துச் சொல்வார். "உவள் படிச்ச படிப்புக்கு, அந்த நேரம் பாத்துப் படம் நிண்டு போச்சு. எங்கடை போனிலை விட்டிருந்தா வந்திருக்கும்." சுற்றி இருப்பவர்கள் என்னைப் பார்க்காமல் தேநீரைப் பார்ப்பார்கள். நான் எழுதியது ஒரு பொதியைக்கூடத் தவறவிடவில்லை என்று சொல்ல வாய் வரும். அந்தக் கோட்டை இன்னும் சேமித்து வைத்திருக்கிறேன். சொன்னால் அது சுற்றிச் சுற்றி மாமியிடம் போகும். தேநீரோடு தந்த ரோல்ஸை வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருந்தேன்.

இப்போது எழுதுவது, மறைக்க ஒன்றும் மிச்சமில்லாததால். பெரியம்மா அன்றைக்குப் பதிந்ததை யாருக்கோ அனுப்ப, அவர்கள் வேறு யாருக்கோ அனுப்ப, பல மாதம் கழித்து அது மாமியின் கைபேசியில் வந்து விழுந்தது. ஒருவரும் உத்தரவாதம் கொடுக்காத படம். கை நடுங்கி, பாதி நேரம் யாருடையதோ முதுகைக் காட்டிக்கொண்டு, ஆனால் முழுதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் ஐயர் கூப்பிடுகிறார். மாமி கையைத் தூக்குகிறார். சுவரில் திரை கறுத்து, அழைப்பு நிறுத்தி வைக்கப்பட்ட அறிவிப்பு வருகிறது, வெளிக்கிறது, மறுபடி கறுக்கிறது. அம்மா காத்திருக்கிறார். அம்மா போடுகிறார். மூடி வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வழமைபோல மாமியைக் கூப்பிட்டேன். மாமாவின் மேசை இப்போது என் வீட்டில் இருக்கிறது. கைபேசியை அதே மாதிரிப் போத்தலில் சாய்த்து வைத்தேன்.

"அண்டைக்குப் படம் நிக்கேல்லை, என்ன பிள்ளை?" என்றார் மாமி.

நான் போத்தலில் சாய்ந்திருந்த கைபேசியை நேராக்கினேன்.

"நீ பதிஞ்சு வைச்ச சீற்றிலை நான் ஊரிலை உள்ள எல்லாரையும் இருத்திப்போட்டன். இவரைப்போலை."

அப்படியில்லை மாமி என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அழவில்லை. சேலைத் தலைப்பால் திரையை ஒருமுறை துடைத்தார், என் முகத்தில் ஏதோ படிந்திருப்பதைப் போல. பிறகு எழுந்து போய் உடுப்புக் கூடையை எடுத்து வந்து இருந்து மடிக்கத் தொடங்கினார். நான் சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். அந்த நேரம் முழுவதும் அவருடைய கைபேசி ஒருமுறையும் அதிரவில்லை என்பதைக் கவனித்தேன்.

"ஆரும் எடுக்கிறேல்லையோ மாமி?"

"இப்ப ஒருத்தரும் எடுக்கிறேல்லை" என்றார், ஒரு சீலையை உதறி மடித்தபடி. "லைன் முழுக்க உனக்குத்தான் பிள்ளை."